கன்ஸ்ட்ரக்‌ஷன் சாப்ட்வேர்ல இப்ப என்ன ஓடுது, ஏழெட்டு சைட் வச்சிருக்கறவங்க எதைப் பாத்து வாங்கறது

தம்பி கேட்டது இதுதானுங்க. அப்பா ரொம்ப வருசமா ஈரோடு, பெருந்துறை, காங்கயம் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டறாரு, இவரு சிவில் முடிச்சுட்டு இப்ப கூடச் சேந்திருக்காரு, ஒரே சமயத்துல ஏழெட்டு சைட் ஓடுது, வீடு பாதி, கம்பெனி ஷெட்டு பாதி, அத்தனையும் அப்பாவோட பாக்கெட் டைரியிலயும் வாட்ஸப்லயும்தான் நடக்குது. ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேர்ல புதுசா என்னென்ன வந்திருக்கு, ஏஐ ஏஐங்கறாங்களே அது நெஜமா, நம்ம சைஸுக்கு எது ஒத்து வரும், இதான் கேள்வி.

நான் ப்ளானிங், பில்லிங் சைடுல பழம் தின்னு கொட்டை போட்டவன், பெரிய கம்பெனியில ஷெட்யூல் போடற ப்ரைமவேரா சாப்ட்வேரை ஓட்டிட்டு இப்ப கோயமுத்தூர்ல உக்காந்து உங்கள மாதிரி நடுத்தர காண்ட்ராக்டர்களுக்கு இதையெல்லாம் செட் பண்ணிக் குடுக்கறேன், அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும். முடிவை மொதல்லயே சொல்லிடறேன். எந்த சாப்ட்வேரா இருந்தாலும் சரி, சைட்ல அதுக்குள்ள எண்ட்ரி போடப்போறது யாரு, எத்தனை மணிக்குப் போடுவாரு, எந்த பாஷையில போடுவாரு, இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா மட்டும் காசைக் கட்டுங்க. இப்ப வந்துட்டு இருக்கற ட்ரெண்டுல உருப்படியானது எல்லாமே அந்த எண்ட்ரியை சுலுவாக்கற ட்ரெண்டுதான், மிச்சமெல்லாம் டெமோவுல பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

பழைய கதை கொஞ்சம். 1957 வாக்குல அமெரிக்காவுல டூபாண்ட் கெமிக்கல் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேந்து, எந்த வேலை தள்ளிப்போனா மொத்தமும் தள்ளிப்போகும்னு கண்டுபுடிக்கற க்ரிட்டிகல் பாத் முறையைக் கொண்டு வந்தாங்க, கிட்டத்தட்ட அதே சமயத்துல அமெரிக்க கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக அதே மாதிரி பெர்ட்ங்கற முறையை உருவாக்குச்சு, காலேஜ்ல வட்டம் வட்டமா வரைஞ்சு அம்பு போட்டு மார்க் வாங்கினோமே அதுதான். 1983ல ப்ரைமவேரா கம்பெனி வந்துச்சு, 2008ல ஆரக்கிள் அதை வாங்கிருச்சு. இந்த தலைமுறை சாப்ட்வேர் எல்லாம் ஆபீஸ்ல ஒரு ப்ளானிங் எஞ்சினியர் உக்காந்து ஓட்டறதுக்குன்னே செஞ்சது, சைட்ல இருந்து வாரா வாரம் பேப்பர்ல ப்ராக்ரஸ் வரும், அவரு அதைப் பாத்து தட்டி ஏத்துவாரு, ஏத்தி முடிச்சு கலர் பிரிண்ட் எடுக்கறதுக்குள்ள சைட்ல அடுத்த ஸ்லாப்புக்கு செண்ட்ரிங் அடிச்சிருப்பாங்க. சுவத்துல தொங்கற பார் சார்ட்டுக்கும் கீழ நடக்கற வேலைக்கும் சம்பந்தமே இருக்காது. மெக்கின்ஸி 2017ல ஒரு அறிக்கை போட்டாங்க, அதுல இருபது வருசத்துல உலகம் பூரா கட்டுமானத் தொழிலோட உற்பத்தித்திறன் வருசத்துக்கு 1 சதவீதம்தான் கூடுச்சு, மொத்தப் பொருளாதாரத்துல அது 2.8 சதவீதம்னு இருந்துச்சு. அத்தனை சாப்ட்வேர் இருந்தும் இந்த லட்சணம்தான்னா கோளாறு சாப்ட்வேர்ல மட்டும் இல்லைன்னு தெரியுதுங்களா.

அப்பறம் ஐபேடு, 4ஜி, க்ளவுடுன்னு வந்து டிராயிங்கும் டெய்லி ரிப்போர்ட்டும் போனுக்கு எறங்குச்சு. பெரிய சாப்ட்வேர் கம்பெனிக எல்லாம் சின்னதுகளை மொத்தமா வாரிப் போட்டுக்கிட்டாங்க. 2018ல மட்டும் பாருங்க, ஆட்டோடெஸ்க் ப்ளான்கிரிட்டை 87.5 கோடி டாலருக்கு வாங்குச்சு, ஆரக்கிள் ஆஸ்திரேலியாவோட அகோனெக்ஸை வாங்குச்சு, ட்ரிம்பிள் வியூபாயிண்ட்டை வாங்குச்சு. ப்ரோகோர் மட்டும் தனியா நின்னு 2021ல அமெரிக்க ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிருச்சு. இது உங்களுக்கு எதுக்குன்னா, இந்தப் பெரிய தலைகளோட வெலை அமெரிக்கா, துபாய் ப்ராஜெக்ட்டை மனசுல வச்சுப் போட்டது. ப்ரோகோர் எத்தனை ஆள் உபயோகப்படுத்தினாலும் ஆளுக்குன்னு தனிக்காசு கேக்காது, ஆனா வருசத்துக்கு எவ்வளவு கோடிக்கு வேலை பண்றீங்கன்னு பாத்து ரேட் போடும். ஆட்டோடெஸ்க்ல பெரும்பாலும் ஆள் கணக்கு. ஏழெட்டு சைட்டுக்கு நாலு சூப்பர்வைசர் வச்சிருக்கற நமக்கு ரெண்டுமே ஒத்து வராது. பெரிய கம்பெனிக்கு சப் காண்ட்ராக்ட் எடுத்தீங்கன்னா அவங்க ப்ரைமவேரா ஷெட்யூல் குடுன்னு டெண்டர்லயே எழுதியிருப்பாங்க, அப்ப அந்த ஒரு வேலைக்கு மட்டும் வெளிய குடுத்துப் போட்டுக்கலாம், அதுக்குன்னு லைசென்ஸ் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

நம்ம ஊருக்குத் தோதா இப்ப இந்தியக் கம்பெனிகளே போன் ஆப்பு விடறாங்க, பவர்ப்ளே, ஆன்சைட் இந்த மாதிரி. ஆள் கணக்கு, மெட்டீரியல், டெய்லி ப்ராக்ரஸ், செலவுக்காசு, இதை மட்டும் வச்சுக்கிட்டு சின்ன காண்ட்ராக்டருக்குன்னே செஞ்சது. எது நல்லாருக்குன்னு பேர் சொல்லி சர்டிபிகேட் குடுக்க மாட்டேன், மாசத்துக்கு ஒரு தடவை ரேட்டும் மாறுது, வசதியும் மாறுது. எதை வச்சு சோதிக்கணும்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஆள் கணக்கு. நம்ம பக்கம் சம்பளம் சனிக்கிழமை, இது மாறவே மாறாது. பல்லடம் ரோட்டுல ஒரு ஷெட் வேலையில நான் பாத்ததைச் சொல்றேன். சனிக்கிழமை பொழுதோட மேஸ்திரி ஒரு சிகரெட் அட்டையில எழுதி வச்சிருக்காரு, கொத்தனார் இத்தனை, சித்தாள் இத்தனை, அரை நாள் இத்தனைன்னு. சூப்பர்வைசர் நோட்டுல ரெண்டு ஆள் கம்மி. புதன்கிழமை செலவுக்குன்னு வாங்கின காசை மேஸ்திரி எழுதலை, சூப்பர்வைசர் எழுதியிருக்காரு. ஒரு மணி நேரம் வாக்குவாதம், ஓனரு கடைசியில பாதிப்பாதின்னு தீத்து விட்டுட்டாரு, திங்கக்கிழமை மேஸ்திரி நாலு ஆளைக் கொறைச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அடுத்த வாரம் ஆப்பு வந்துச்சு. காலையில ஒன்பதரைக்கு ஆளுகளை ஒட்டுக்கா நிக்க வச்சு ஒரு போட்டோ, எண்ணிக்கையைத் தட்டினா ஆச்சு, சாயந்தரம் அந்தக் கணக்கு மேஸ்திரியோட வாட்ஸப்புக்கும் போயிரும், செலவுக்கு வாங்கினதும் அதுல சேந்து வரும். தப்பா இருந்தா அன்னைக்கு ரவைக்கே போன் பண்ணுவாரு, சனிக்கிழமை வரைக்கும் எதுவும் தேங்காது. அந்த ஆப்புல இன்னும் என்னென்னமோ இருந்துச்சு, அந்த சைட்ல யாரும் அதைத் தொடவே இல்லை, ஆனா போட்ட காசு இந்த ஒண்ணுலயே வந்துருச்சு. மேஸ்திரிக்கும் அது லாபம், அதான் ரகசியம். சைட்ல இருக்கறவனுக்கு ஒரு நன்மை இல்லாம நீங்க எவ்வளவு மெரட்டினாலும் எண்ட்ரி வராதுங்க.

மூஞ்சியைக் காட்டி அட்டெண்டென்ஸ் போடறது, சைட் எல்லைக்குள்ள இருந்தாத்தான் பதிவாகறது, இதெல்லாம் இப்ப சாதாரணமா வந்துருச்சு. பீகார், ஒடிசா ஆளுக நெறைய இருக்கற எடத்துல பேர் குழப்பம் தீரும், ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க இல்லைங்களா. ஆனா ஒண்ணு, 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, ஆளுக போட்டோவையும் ஆதாரையும் வாங்கி வச்சா அதுக்கு நீங்கதான் பொறுப்பு, அதனால எதுக்கு எடுக்கறோம்னு அவங்க பாஷையில சொல்லி சம்மதம் வாங்கிக்கோங்க, வேலையை விட்டுப் போனப்பறம் அழிக்க வழி இருக்கான்னும் ஆப்புக்காரங்ககிட்ட கேளுங்க. முழிப்பாங்க, கேளுங்க.

அடுத்தது மெட்டீரியல், காசு போற ஓட்டை இங்கதான் இருக்குது. கம்பியை எடுத்துக்கலாம். 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 4.74 கிலோ, அப்ப 5 டன் வந்தா கணக்குப்படி 1055 கம்பி இருக்கணும். ஆனா கம்பிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1786 படி 10 எம்எம் வரைக்கும் எடையில 7 சதவீதம் கூடக் கொறைய இருக்கலாம், 16 எம்எம் வரைக்கும் 5, அதுக்கு மேல 3. கம்பெனி கம்பியை 5 சதவீதம் கனமா உருட்டிட்டா அதே 5 டன்னுக்கு 1004 கம்பிதான் வரும். எடை மேடைச் சீட்டு சரியா இருக்கும், பில்லும் சரி, யாரும் திருடலை, ஆனா உங்க கையில 50 கம்பி கம்மி. உங்களுக்கு ஓனர் காசு குடுக்கறது டிராயிங்ல இருக்கற நீளத்தை 0.395ஆல பெருக்கித்தான், ஆக சுமார் 240 கிலோ உங்க தலையில. இன்னைக்கு ரேட்ல போட்டுப் பாருங்க. இதை டைரியில கண்டுபுடிக்க முடியாது, ஏன்னா டைரியில கிலோ மட்டும்தான் இருக்கும். லோடு எறங்கும்போதே எடைச்சீட்டு போட்டோவும் கட்டு எண்ணிக்கையும் ஒட்டுக்கா போட வைக்கற ஆப்பா இருந்தா ரெண்டே மாசத்துல எந்த சப்ளையரோட கம்பி கனம், எதுல லாபம்னு கண்ணுல தெரிஞ்சுரும். உங்கப்பாகிட்ட கேளுங்க, அவருக்கு இது கைப்பழக்கத்துல தெரிஞ்சிருக்கும், ஆனா எந்த லோடுன்னு காட்ட முடியாது.

சிமெண்ட்டும் இப்படித்தான். 1000 சதுர அடிக்கு 5 இஞ்ச் ஸ்லாப்னா கான்கிரீட் சுமார் 11.8 கன மீட்டர், 1:1.5:3ல கன மீட்டருக்கு 8 மூட்டை வச்சா 95 மூட்டைக்குக் கிட்ட, பீம் தனி. ஆப்புல ஸ்லாப் போட்ட அளவைத் தட்டினா இத்தனை மூட்டை போயிருக்கணும்னு அதுவே காட்டும், குடோன்ல இருந்து எடுத்தது 118னு இருந்தா அன்னைக்கே கேக்கலாம். மூணு மாசம் கழிச்சுக் கேட்டா பூச்சு வேலைக்குப் போயிருச்சுங்ணாம்பாங்க. ரெடிமிக்ஸ் வாங்கறவங்க பேட்ச் ஸ்லிப்பை போட்டோ எடுத்து அந்தந்த ஸ்லாப்புக்குக் கீழ போட்டு வைங்க, பின்னாடி கியூப் ரிசல்ட் கம்மியா வந்தா அதுதான் சாட்சி.

டிராயிங் ரிவிஷனுக்கு வர்றேன். எல்லாரும் ஏஐ பத்திக் கேக்கறாங்க, ஆனா உடைச்சுக் கட்டற செலவுல ஏகப்பட்டது பழைய டிராயிங்ல இருந்துதான் வருது. ஆர்க்கிடெக்ட் வாட்ஸப் குரூப்புல ஆர்2, அதாவது ரெண்டாவது ரிவிஷன் போடறாரு, அதுக்குக் கீழ இருநூறு மெசேஜ், ரெண்டு குட்மார்னிங், ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை, அப்பறம் ஆர்3. கம்பி கட்டறவரு கையில இருக்கறது ஆர்2 பிரிண்ட். டாய்லெட் ஸ்லாப்பை ஒன்பது இஞ்ச் எறக்கணும்னு ஆர்3ல இருக்கும், ஸ்லாப் மட்டமாப் போட்டிருப்பாங்க. இதுக்கு மருந்துதான் பொது டேட்டா அறைங்கற ஏற்பாடு, ஐஎஸ்ஓ 19650னு 2018 கடைசியில வந்த தரம் இதைத்தான் சொல்லுது, டிராயிங் ஒரே எடத்துல இருக்கணும், இது இன்னும் வேலையில இருக்கு, இது எல்லாரும் பாக்கலாம், இது ஒப்புதல் ஆனதுன்னு நெலை எழுதியிருக்கணும், பழசு தானா ஒதுங்கிரணும். பெரிய வார்த்தையா இருக்கும், ஆனா செய்யறது சின்ன வேலை. செவுத்துல ஒரு கியூஆர் ஒட்டுங்க, ஸ்கேன் பண்ணினா கடைசி டிராயிங் மட்டும் தெறக்கணும். இதை சைட் ஆப்பு இல்லாம ஒரு க்ளவுடு ஃபோல்டர்லயே செய்யலாம், ஒரே ஆள் அதை மாத்தற உரிமை வச்சுக்கிட்டா போதும்.

பிம் பத்தியும் சொல்லிடறேன், கட்டடத்தை மொதல்லயே கம்ப்யூட்டர்ல முழு மாடலாக் கட்டிப் பாக்கறதுதான் அது. இங்கிலாந்துல 2016ல இருந்து மத்திய அரசாங்க வேலைக்கு பிம் கட்டாயம். கோயமுத்தூர்ல உக்காந்து லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ரெவிட்ங்கற சாப்ட்வேர்ல பிம் மாடல் போட்டுக் குடுக்கற ஆபீஸ் எத்தனையோ இருக்குது, அந்தப் பசங்க சொந்த வீடு கட்டறது ஏ3 பிரிண்ட்டை வச்சுத்தான், அது வேற விசயம். வீட்டுக்கு பிம் வேண்டியதில்லைங்க. ஆஸ்பத்திரி, ஓட்டல், டையிங் யூனிட்டு மாதிரி பைப்பும் டக்ட்டும் பின்னிக்கிட்டு இருக்கற வேலைன்னா மாடல் போட்டு எது எதுல இடிக்குதுன்னு முன்னாடியே பாத்துக்கறது காசு மிச்சம்தான். ஷெட்டு வேலையில உங்களுக்கே தெரியும், ப்ரீ என்ஜினியர்டு ஸ்டீல் குடுக்கறவங்க மாடல்ல இருந்துதான் வெட்டறாங்க, அவங்ககிட்ட ஐஎஃப்சி ஃபைலாக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அது எந்த சாப்ட்வேர்லயும் தெறக்கற பொது ஃபார்மேட், ஆங்கர் போல்ட் எடத்தை ஃபவுண்டேஷன் டிராயிங்கோட ஒத்துப் பாக்கலாம். போல்ட் மாறினா என்ன கெரகம்னு சொல்லத் தேவையில்லை.

ஷெட்யூல் சைடுல எனக்குப் புடிச்ச ட்ரெண்டு ஒண்ணு இருக்குது, லாஸ்ட் ப்ளானர்ங்கறது. க்ளென் பல்லார்டும் க்ரெக் ஹோவெல்லும் 1990கள்ல கொண்டு வந்தது, இப்பத்தான் ஆப்புகள்ல பரவலா ஏறுது. அடுத்த வாரம் என்ன முடிப்பீங்கன்னு வேலை செய்யற மேஸ்திரிகிட்டயே வாக்கு வாங்கணும், வாரக் கடைசியில எத்தனை வாக்கு முழுசா நிறைவேறுச்சுன்னு சதவீதம் போடணும், பாதி முடிஞ்சுதுன்னா அது சைபர். முடியாததுக்குக் காரணம் எழுதணும், மணல் வரலையா, டிராயிங் வரலையா, ஆள் வரலையா. நம்ம சனிக்கிழமை சம்பளத்துக்கு இது அப்படியே பொருந்துதுங்க, சம்பளம் வாங்க எல்லா மேஸ்திரியும் எப்படியும் வர்றாங்க, பத்து நிமிசம் நிக்க வச்சு அடுத்த வாரத்தைக் கேட்டு போன்ல தட்டிட வேண்டியதுதான். தனியா மீட்டிங் போட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க.

எந்த ஷெட்யூல் சாப்ட்வேர் வாங்கினாலும் மொதல் வேலையா காலண்டரை மாத்துங்க. உள்ள வாரத்துக்கு அஞ்சு நாள் வேலைன்னு இருக்கும். நம்ம ஊருக்குப் பொங்கல், தீபாவளி போட்டா மட்டும் பத்தாது, ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியாச்சுன்னா உள்ளூர் ஆளுக வெளியூர்ல தங்க மாட்டாங்க, ஆடி மாசம் புது வேலை பூஜை போட மாட்டாங்க, பீகார் ஆளுக ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனா ரயில் டிக்கெட் கெடைச்சு வர்றதுக்கு நாள் ஆகும், எலெக்சன் வந்தா அதுக்கும். இதைப் போட்டுட்டு ஓட்டினா பாதி லேட்டு தேதி போடும்போதே தெரிஞ்சுரும், ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிரலாம்.

அப்பறம் கணக்கு, சட்டம். சைட் ஆப்பு டேலியோட பேசலைன்னா ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பொண்ணு மறுபடி எல்லாத்தையும் தட்டணும், அப்ப ரெண்டு கணக்கு, ரெண்டும் ஒத்துப் போகாது. 2022 ஜனவரியில இருந்து சப்ளையர் போட்ட ரிட்டர்ன்ல இருந்து உங்களுக்கு வர்ற ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியல்ல இருக்கற பில்லுக்கு மட்டும்தான், கட்டின ஜிஎஸ்டியை இன்புட்டாக் கழிச்சுக்க முடியும், சப்ளையர் ரிட்டர்ன் போடலைன்னா உங்க காசு நிக்கும், அதனால பில் போட்டோவை 2பியோட ஒத்துப் பாத்து எது வரலைன்னு காட்டற வசதி இப்ப நெறைய சாப்ட்வேர்ல வந்திருக்குது, அதைக் கேட்டு வாங்குங்க. ஃப்ளாட்டு கட்டி விக்கற யோசனை இருந்தா ரெராங்கற ரியல் எஸ்டேட் சட்டம் வேற இருக்குது, 500 சதுர மீட்டருக்கு மேல நெலமோ எட்டு வீட்டுக்கு மேலயோ போனா பதிவு பண்ணணும், வாங்கறவங்க குடுக்கற காசுல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும், அதுல எடுக்கணும்னா வேலை எத்தனை சதவீதம் முடிஞ்சுதுன்னு எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், சிஏ மூணு பேரும் சர்டிபை பண்ணணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா வெப்சைட்ல நெலவரம் ஏத்தணும். தேதி போட்ட போட்டோவும் அளவும் ஆப்புல ஒழுங்கா இருந்தா அது அரை நாள் வேலை, இல்லைன்னா ஒரு வாரம் அலையணும்.

கேமராவும் ட்ரோனும். 360 டிகிரி கேமராவை ஹெல்மெட்ல மாட்டிக்கிட்டு சைட்டைச் சுத்தி நடந்தா அதுவே ப்ளான்ல எந்த ரூம்னு புடிச்சு படத்தை ஒட்டி வச்சுக்கும், ஓப்பன்ஸ்பேஸ், பில்டாட்ஸ் எல்லாம் இதான் பண்றாங்க, பில்டாட்ஸ் ஒரு படி மேல போயி மாடலோட ஒத்துப் பாத்து எத்தனை சாக்கெட் வச்சாச்சுன்னு எண்ணும். நமக்கு அவ்வளவு வேண்டாம், பூச்சுக்கு முன்னாடி வயரிங் பைப்பும் தண்ணி பைப்பும் எங்க போகுதுன்னு ரூமுக்கு ரூம் ஒரு வீடியோ எடுத்து வச்சாலே போதும், பின்னாடி ஏசி மாட்டறவன் ட்ரில் போடும்போது உங்களுக்குப் போன் வராது. ட்ரோனை நெடுஞ்சாலை ஆணையம் 2021ல இருந்து மாசா மாசம் எடுக்கணும்னு கட்டாயம் ஆக்கிருச்சு, ரோடு, லேஅவுட், மண் அளவு இதுக்கு அருமையான சாமான். ஆனா 2021 ட்ரோன் விதிப்படி அரசாங்க மேப்புல பச்சைன்னு குறிச்ச மண்டலத்துல 400 அடி வரைக்கும்தான் அனுமதி இல்லாமப் பறக்கலாம், பீளமேட்டுல ஏர்போர்ட்டும் சூலூர்ல விமானப்படையும் இருக்கறதால கோயமுத்தூரைச் சுத்தி நெறைய எடம் மஞ்சளோ செவப்போதான், டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பாக்காம கல்யாண வீடியோக்காரரைக் கூப்பிட்டு விட்றாதீங்க.

இப்ப ஏஐ. நெஜமா வேலை செய்யறது எதுன்னா, பில் போட்டோவைப் படிச்சு சப்ளையர் பேரு, அளவு, வரி பிரிச்சு ஏத்தறது. சூப்பர்வைசர் தமிழ்ல பேசி அனுப்பற வாய்ஸை டெய்லி ரிப்போர்ட்டா மாத்தறது, இது சின்ன விசயம் மாதிரி தெரியும், ஆனா எழுத சோம்பல்படற ஆளு பேசச் சொன்னா நாலு நிமிசம் பேசுவாரு, அதுல மணல் லோடு திரும்பிப் போன கதையும் இருக்கும், ஃபாரத்துல அது எந்தக் கட்டத்துலயும் வராது. நம்ம பக்கத்துப் பேச்சை அது கொஞ்சம் தடுமாறித்தான் புடிக்குது, அளவை மட்டும் ஒருக்கா பாத்துக்கணும். 200 பக்க டெண்டர்ல அபராதம், பில்லுல புடிச்சு வைக்கற ரிட்டென்ஷன், விலை ஏத்தம் எங்க இருக்குன்னு தேடிக் குடுக்கறது நல்லாப் பண்ணுது. டிராயிங்ல இருந்து அளவு எடுக்கறதும் வந்துட்டு இருக்குது, ஏரியா, சுவர் நீளம் பரவால்லைங்க, கம்பி ஷெட்யூலை அதை நம்பி ஆர்டர் போடாதீங்க.

வேலை எப்ப முடியும்னு ஏஐ சொல்லும்ங்கறது இருக்குதே, அது வேற கதை. ஸ்டான்ஃபோர்டுல இருந்து வந்த ஆலிஸ்ங்கற சாப்ட்வேர் ஆயிரக்கணக்கான விதத்துல ஷெட்யூலை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கும், லண்டன்ல என்ப்ளான்ங்கற கம்பெனியோடது பழைய ப்ராஜெக்ட் ஷெட்யூல்களைப் படிச்சு எது லேட் ஆகும்னு சொல்லும், ரெண்டும் உசத்தியான வேலைதான். ஆனா அதுக்கு பழைய டேட்டா வேணும், உங்ககிட்ட இருக்கறது அப்பாவோட டைரி. ரெண்டு வருசம் ஒழுங்கா ஸ்லாப்புக்கு ஸ்லாப் தேதியும் ஆள் கணக்கும் போட்டு வச்சீங்கன்னா உங்க எக்ஸெல்லே சொல்லிரும், 1500 சதுர அடி வீட்டுக்கு உங்க ஆளுக பேஸ்மெண்ட்ல இருந்து ரூஃப் வரைக்கும் நெஜமா எத்தனை நாள் எடுக்கறாங்கன்னு. அப்பறம் ஐஎஸ் கோடு கேட்டா ஏஐ விதி நம்பரை அடிச்சு விடும், ஒரு தடவை புக்கைத் தெறந்து பாத்துட்டுத்தான் சைட்ல பேசணும். உதாரணத்துக்கு 4.5 மீட்டர் வரைக்கும் இருக்கற ஸ்லாப்புக்கு ப்ராப், அதாவது முட்டு 7 நாள் நிக்கணும், அதுக்கு மேல 14 நாள்னு கான்கிரீட் கோடு ஐஎஸ் 456ல இருக்குது, இதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கான்கிரீட்டுக்குள்ள சென்சார் வச்சு சூட்டை அளந்து பலம் எவ்வளவு ஏறுச்சுன்னு போன்லயே பாக்கறதும் வந்துருச்சு, பெரிய வேலைக்கு சரி, வீட்டுக்கு நாள் எண்ணினாப் போதும்.

பளபளப்பைப் பாத்து மயங்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு உதாரணம் பக்கத்துலயே இருக்குது. கட்டெரான்னு ஒரு கம்பெனி, 2015ல கலிபோர்னியாவுல ஆரம்பிச்சாங்க, டிசைன், சாப்ட்வேர், ஃபேக்டரி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழன்னு சொல்லி சாஃப்ட்பேங்க் காசைக் கொட்டுச்சு, 2018ல கேஇஎஃப் இன்ஃப்ராவோட இணைஞ்சப்ப நம்ம கிருஷ்ணகிரியில இருந்த ப்ரீகாஸ்ட் ஃபேக்டரியும் அதுக்குள்ள போச்சு, 2021 ஜூன்ல அமெரிக்காவுல திவால் மனு போட்டுட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே போயிருச்சுன்னா, மாசம் ஆயிரம் ரூபாய்க்கு ஆப்பு விக்கற சின்ன ஸ்டார்ட்டப்பு நாளைக்கு இருக்குமான்னு யாரு கண்டா. அதனால உங்க டேட்டா முழுசையும், போட்டோ உட்பட, எக்ஸெல்லாவும் ஃபோல்டராவும் எறக்கிக்க முடியுமான்னு வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒருக்கா எறக்கிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு காண்ட்ராக்டருக்கு சந்தா முடிஞ்ச அன்னைக்கே உள்ள போக முடியலை, ரெண்டு வருசத்து அளவு கணக்கு அதுக்குள்ள, பில்லு பாக்கி வேற இருந்துச்சு, பழைய ரேட்டுக்கு ஒண்ணரை மடங்கு குடுத்துத்தான் தெறந்தாங்க.

டெமோ காட்ட வந்தா அவங்க கொண்டு வர்ற மாதிரி வீட்டை வச்சு காட்ட விடாதீங்க. உங்க சைட் ஒண்ணோட டிராயிங்கையும் போன மாச பில்லுகளையும் குடுத்து இதைப் போட்டுக் காட்டுன்னு சொல்லுங்க. போனை ஏர்ப்ளேன் மோடுல போட்டு எண்ட்ரி போடச் சொல்லுங்க, காங்கயம் தாண்டி உள்ள போனா சில எடத்துல சிக்னல் எப்படின்னு உங்களுக்கே தெரியும், நெட் வந்தப்பறம் அது தானா ஏறணும். உங்க மேஸ்திரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வைங்க, அவரு கையில போனைக் குடுத்துட்டு நீங்க வாயைத் தெறக்காதீங்க, அஞ்சு நிமிசத்துல ஆள் கணக்கு போட்டாருன்னா சரி. தமிழ் இருக்குதான்னு மட்டும் பாக்காம இந்தியும் இருக்குதான்னு பாருங்க, கம்பி கட்டறதும் டைல்ஸும் இப்ப பாதிக்கு மேல வடக்கத்தி ஆளுகதான். அப்பாவுக்கு ஆப்பு வேண்டாம், ரவைக்கு எட்டு மணிக்கு அத்தனை சைட்டும் சேந்து ஒரே மெசேஜா வாட்ஸப்ல வர்ற மாதிரி வைங்க, ஆள் எத்தனை, செலவு எவ்வளவு, நாளைக்கு என்ன வேணும், அவரு டைரியும் பக்கத்துல ஓடட்டும், புடுங்காதீங்க.

மொதல்ல ஒரே ஒரு சைட்ல, ஆள் கணக்கும் மெட்டீரியலும் மட்டும், அதுவும் வேலை ஆரம்பிக்கற சைட்டா எடுங்க, பாதியில ஓடற சைட்ல பழைய பாக்கியை ஏத்தறதுலயே மனசு விட்டுப் போயிரும். சொன்னபடி கேக்கற சூப்பர்வைசர் எந்த சைட்ல இருக்காரோ அதை எடுங்க, பெரிய சைட்டுங்கறதுக்காக எடுக்காதீங்க. வருசத்துக்கு ஒட்டுக்கா கட்டினா நாப்பது பெர்சண்ட் தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க, மாட்டிக்காதீங்க, மொதல் மூணு மாசம் மாசக் கணக்குல குடுன்னு கேளுங்க, முடியாதுன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.